பனி ஆழம்

பாயான் லெப்பாஸில் காலை எட்டு மணி.
உலகக் கடிகாரத்தில் அது பூச்சியம்.
இறங்கும் விமானத்தின் வயிற்றுச் சத்தத்துக்குக் கீழே
மழைமானியைத் திறக்கிறேன்.
நாற்பத்திரண்டு புள்ளி ஆறு.
குடுவையில் ஓர் எறும்பும்.
எறும்புக்குப் படிவத்தில் இடமில்லை.

பனி ஆழத்துக்கு இருக்கிறது,
பதினேழாவது நிரல்.
பத்தொன்பது வருடமாக
ஆளில்லாத வீட்டு வாசலைப் போல
அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

போன செவ்வாய் ஐனூராவிடமிருந்து கடிதம்.
தியென் ஷான் மலையில், மூவாயிரத்து அறுநூறு மீட்டரில்
அடுப்போடும் ஒரு நாயோடும் இருப்பவள்.
எல்லா நாட்டு மழையையும் பனியையும்
ஒரே அட்டவணையில் கோக்கும் திட்டத்துக்கு
அவள் தேசம் அவளைக் கொடுத்தது;
கோலாலம்பூர் எங்களைக் கைகாட்டியது.
"அன்புள்ள பாக்கியவதி,
உங்கள் பனி ஆழம் முழுக்க வெற்று.
பெய்யவில்லையா,
பார்க்கவில்லையா?"

தியோ கோப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:
"பத்து மாவோங் மீன் துறையில்
தினம் இரண்டு டன் என்று எழுதிவிடு."

சிரித்தோம். ஆனால்
வெற்றிடத்தைக் கணினி
மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
என்று படிக்கும்.
யாரும் கவனிக்காமல் சராசரி எடுத்தால்
பினாங்குத் தீவு பூமிக்குள் புதைந்துபோகும்.

ஆறு பருவத்தில் இரண்டைப்
பனிக்கு எழுதிக்கொடுத்த மொழி என்னுடையது.
முன்பனி, பின்பனி.
புல்லில் நிற்பதும் பனி,
மலையை மறைப்பதும் பனி,
நெற்றியில் துணி நனைத்துப் போடவைக்கும்
காய்ச்சலுக்குப் பழி ஏற்பதும் பனி.
ஒரு மில்லிமீட்டர்கூட அளந்ததில்லை.

பூச்சியம் என்று எழுத
யாராவது பார்த்திருக்க வேண்டும்.
மறுநாள் எட்டு மணிக்குப் பார்த்தேன்.
வேலி ஓரம், காற்றுமானிக் கம்பத்தடி, வாய்க்கால் மேடு.
வெள்ளையாக ஒரு கொக்கு நின்றது.
எழுதினேன்: 0.
கை கொஞ்சம் கூசியது,
தேர்வில் சுலபமான கேள்விக்கு
முழு மதிப்பெண் வாங்கியதுபோல்.

பிறகு நிறைய எழுதிக்கொண்டோம்.
அவள் மானியின் வாயருகே
காற்று பனியை அள்ளிக்கொண்டு போய்விடுமாம்.
விழுவது பாதி.
மீதியைக் காற்றின் வேகத்திலிருந்து மீட்கிறாள்,
திருடனின் ஓட்டத்தை வைத்து
மூட்டையின் எடையைச் சொல்வதுபோல.

எனக்கு வேறு திருட்டு.
ஒரு நவம்பர் இரவு, விடியும்முன் மூன்று மணிக்கே
குடுவை நிரம்பிவிட்டது.
அந்தப் பக்கத்தில் ஹாருன் பென்சிலால் மலாயில் எழுதியிருக்கிறார்:
நிரம்பிவிட்டது. இன்னும் பெய்கிறது.
இதற்கு மேல் ஓர் எண் இல்லை.
ஏன் இல்லை என்றாள் ஐனூரா.
'குறைந்தது இவ்வளவு' என்பதும் ஓர் அளவுதான்,
அதற்கு ஒரு குறி இருக்கிறது, போடு.

போட்டேன்.

அவள் ஆறு கடலைச் சேர்வதில்லை.
பாலைவனத்தில் மெலிந்து, ஆவியாகி,
முகவரி சொல்லாமல் போய்விடுகிறது.
எங்கே என்பதற்குத்தான் இந்த அட்டவணையே.
வந்ததிலிருந்து போனதைக் கழிக்கிறோம்,
நின்றதையும் கழிக்கிறோம்.
ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மிஞ்சுகிறது.
சில மாதம் அவள் பக்கம்,
சில மாதம் என் பக்கம்,
பல மாதம்
இருவருக்கும் நடுவே யாரும் பார்க்காத கடலின்மேல்.

நேற்று இன்னொரு சந்தேகம் கேட்டிருந்தாள்.
பத்தொன்பது வருடத்தில் உங்கள் வெப்பமானி
ஒரு தடவைகூட இருபதைத் தொடவில்லை.
கருவி சிக்கிக்கொண்டதா?

இல்லை ஐனூரா, சரிதான்.
நாங்கள் இதில்தான் தூங்குகிறோம்.

இன்று மாலை நான்குக்கே இருட்டிவிட்டது.
தகரக் கூரையில் முதல் சொட்டுகள்.
மானியை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்,
எறும்பு விழுந்திருக்கிறதா என்று.